சுய முன்னேற்ற பீரியடுக்கு வருஷம் 1800 ரூபா, கட்டலாமா வேணாமா?

பையன் ஒன்பதாவது படிக்கிறான், காட்பாடி பக்கம் ஒரு மெட்ரிக் ஸ்கூல், பேரு வேணாம், தெரிஞ்சவங்களுக்கு தெரியும். இந்த வருஷம் ஃபீஸ் பில்லுல டியூஷன் ஃபீஸ், வேன் ஃபீஸ், ஸ்மார்ட் கிளாஸ் எல்லாத்துக்கும் கீழ புதுசா ஒரு லைன் சேர்த்திருக்காங்க, “செல்ஃப் இம்ப்ரூவ்மெண்ட் புரோகிராம் 1800”ன்னு. வாரத்துக்கு ரெண்டு பீரியட், டைம்டேபிள்லயே போட்டாச்சு, கலர் கலரா ஒரு ஒர்க்புக் தர்றாங்க, வெளியில ஒரு கம்பெனியில இருந்து டிரெய்னர் வர்றாரு, அவரு வராத நாள்ல கிளாஸ் மிஸ்ஸே எடுக்குறாங்க. எட்டாவது, ஒன்பதாவது, பதினொன்னாவது மூணுக்கும் உண்டு, பத்தாவதுக்கு மட்டும் கிடையாது, ஏன்னு உங்களுக்கே தெரியும், பப்ளிக் எக்ஸாம். மனுஷன் பதறிப்போய் நிக்கிற வருஷத்துல மனசை பத்தின பாடத்தை நிறுத்திட்டு மேக்ஸ் ரிவிஷன் வெக்கிறாங்க, இன்னா சொல்றது.

பேரண்ட்ஸ் வாட்ஸ்ஆப் குரூப்ல இதை வெச்சு ரெண்டு கோஷ்டி. ஒரு கோஷ்டி “காசு புடுங்குறாங்க, அந்த நேரத்துல பிசிக்ஸ் நடத்தலாம்”னு கத்துது, இன்னொரு கோஷ்டி எந்த மெசேஜ் வந்தாலும் கைகூப்புற பொம்மையை போட்டு “சூப்பர் மேடம்”னு போயிடுது. ரெண்டு கோஷ்டியும் ஒர்க்புக்கை தொறந்து பார்த்த மாதிரி தெரியல. நான் ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன், பேப்பர் கைக்கு வந்தா படிக்காம விட மாட்டேன், அதனால அட்டைல இருந்து அட்டை வரைக்கும் படிச்சேன், ஓப்பன் ஹவுஸ் அன்னிக்கு கடைசி பெஞ்சுல உக்காந்து ஒரு கிளாஸும் பார்த்தேன். என் மார்க் 5க்கு 3. இந்த 3 முழுக்க ஒர்க்புக்ல நாலாவது, ஆறாவது, ஏழாவது யூனிட்டுக்கும் அந்த கிளாஸ் மிஸ்ஸுக்கும்தான், டிரெய்னருக்கு ஒரு பைசா மார்க் கிடையாது.

மொதல்ல திட்ட வேண்டியதை திட்டிடுறேன்.

டிரெய்னர் வந்தா காதுல மாட்டுற மைக், புளூடூத் ஸ்பீக்கர், பின்னாடி ஒரு மியூசிக். பசங்களை எழுப்பி நிக்க வெச்சு “நான் ஜெயிப்பேன்”னு கத்த விடுறாரு, ஒரு தடவை இல்ல, தொண்டை கட்டுற வரைக்கும், பக்கத்து கிளாஸ்ல ஸ்லிப் டெஸ்ட் எழுதுற ஆறாவது பசங்க எட்டி எட்டி பார்க்குது. கத்தி முடிச்சதும் பசங்க மூஞ்சியில ஒரு பளபளப்பு இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன், ஆனா அடுத்த பீரியட் பெல் அடிச்சா கோலி சோடா கேஸ் மாதிரி போயிடுது. சரி அதுகூட பரவால்ல, பசங்க கொஞ்ச நேரம் சிரிச்சு கத்தினா யாருக்கு என்ன நஷ்டம். எனக்கு கோவம் வந்தது அவரு உண்மை மாதிரி சொல்ற பொய்ங்க மேலதான்.

கழுகு கதை கேட்டிருப்பீங்க. நாப்பது வயசுல கழுகு மலை உச்சிக்கு போய் அலகை பாறையில மோதி ஒடச்சி, நகத்தை புடுங்கி, ரெக்கையை பிச்சி, புதுசா மொளச்சு இன்னும் முப்பது வருஷம் வாழுதாம். ஒர்க்புக்ல ரெண்டு பக்கம், கலர் படத்தோட. எந்த கழுகும் அப்படி பண்றதில்ல, அலகு இல்லாம மாசக்கணக்குல ஒரு கழுகு என்னத்தை சாப்பிடும்னு ஒரு குழந்தை கேட்டா போதும், கதை காலி. அதே பில்டிங்ல பயாலஜி மிஸ் இருக்காங்க, அவங்க கிட்ட ஒரு தடவை காட்டிட்டு பிரிண்ட் போட்டிருக்கலாம். மனுஷன் மூளையில பத்து பர்சென்ட்தான் யூஸ் பண்றான்னு இன்னொரு பக்கம், அதுவும் டூப்பு.

அப்புறம் இந்த 21 நாள். “எந்த பழக்கத்தையும் 21 நாள் விடாம செஞ்சா அது உன்னுது”ன்னு சொல்லி ஒரு சார்ட் ஒட்ட சொல்லிருக்காங்க, பையன் ஃபிரிட்ஜ் மேல ஒட்டினான், நாள் முடிஞ்சது, காலையில எழுந்து படிக்கிற பழக்கம் வரல, “எனக்கு மட்டும்தாம்பா வரல, நான் வேஸ்ட்டு”ன்றான். இங்கதான் எனக்கு பத்திக்கிச்சு. இந்த 21 எங்க இருந்து வந்துச்சுன்னு தேடினா, 1960ல அமெரிக்காவுல ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், ஆபரேஷன் பண்ண புது மூஞ்சி ஆளுங்களுக்கு பழக குறைஞ்சது 21 நாளாவது ஆகுதுன்னு எழுதி வெச்சாரு, அந்த “குறைஞ்சது”ன்ற வார்த்தையை காலப்போக்குல எல்லாரும் முழுங்கிட்டாங்க. லண்டன்ல ஒரு யுனிவர்சிட்டியில 96 பேரை வெச்சு நெஜமாவே அளந்து பார்த்திருக்காங்க, சாப்பாட்டோட ஒரு பழம் சாப்பிடுறது, சாயங்காலம் கொஞ்சம் ஓடுறது இந்த மாதிரி சின்ன பழக்கங்க, தானா வர ஆரம்பிக்க சராசரியா 66 நாள் ஆச்சாம், ஒருத்தருக்கு 18 நாள்லயே, இன்னொருத்தருக்கு கணக்கு போட்டா 254 நாள். நடுவுல ஒரு நாள் விட்டா ஒண்ணும் கெட்டுப்போகலன்னும் அதுலயே இருக்கு. இதை சொல்லி குடுத்திருந்தா பையன் சார்ட்டை கிழிச்சிருக்க மாட்டான். தன்னம்பிக்கை வளர்க்குறேன்னு வந்த பாடம் தப்பான ஒரு நம்பரால அவன் தன்னம்பிக்கையை கொறச்சுது, அதுக்கு 1800 ரூபா பில்லு வேற.

இன்னொண்ணு, “நீ எந்த டைப்”னு ஒரு குவிஸ், பார்த்து படிக்கிறவன், கேட்டு படிக்கிறவன், செஞ்சு படிக்கிறவன்னு பிரிக்கிறது. நம்மாளுக்கு “கேட்டு படிக்கிறவன்”னு வந்துச்சு. அன்னில இருந்து கணக்கு எழுதி பாருடான்னா, “நான் ஆடிட்டரி லேர்னர்பா, எழுத தேவையில்ல”ன்றான்! அல்ஜீப்ராவை காதால கேட்டு யாருடா போட்டிருக்கான். 2008லயே அமெரிக்க சைக்காலஜி ஆளுங்க நாலு பேர் சேர்ந்து அதுவரைக்கும் வந்த ஆராய்ச்சியை எல்லாம் அலசி, இப்படி டைப் பார்த்து பாடம் நடத்தினா நல்லா வரும்ன்றதுக்கு சரியான ஆதாரம் இல்லைன்னு சொல்லிட்டாங்க. கடைக்கு பிரிண்ட் எடுக்க வர்ற சைக்காலஜி படிக்கிற பொண்ணு கிட்ட கேட்டேன், “ணா, அதெல்லாம் பழைய கதைணா”ன்னு சிரிச்சுச்சு. இது போதாதுன்னு தனியா 2500 கட்டினா விரல் ரேகை எடுத்து பையன் இன்ஜினியரா டாக்டரான்னு சொல்ற டெஸ்ட் வேற விக்கிறாங்க, அதுக்கும் அறிவியலுக்கும் சம்பந்தமே கிடையாது. ரேகை பார்க்கணும்னா ஐம்பது நூறுல ஆள் இருக்காங்க, 2500 எதுக்கு.

சரி, திட்டினது போதும். இப்ப நல்ல பக்கம், இதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதிகினு இருக்கேன்.

நாலாவது யூனிட், “எப்படி படிக்கணும்”. இதை எழுதினது வேற யாரோ, கழுகு ஆள் இல்ல, படிச்சாலே தெரியுது. புக்கை மூணு தடவை படிக்காத, ஒரு தடவை படி, மூடு, வெள்ளை பேப்பர்ல ஞாபகம் இருக்குறதை எழுது, தொறந்து பாரு, விட்டதை வேற கலர்ல எழுது, ரெண்டு நாள் கழிச்சு திரும்ப எழுது, ஒரு வாரம் கழிச்சு திரும்ப. அவ்ளோதான் யூனிட். மைக் இல்ல, மியூசிக் இல்ல. நானும் அவனும் இதை வேலூர் புரட்சியை வெச்சு செஞ்சு பார்த்தோம், எட்டாவதுல படிச்சது, கோட்டையை தாண்டித்தான் மார்க்கெட்டுக்கு போறோம், ஆனா கேட்டா 1857ன்றான். புக்கை மூடிட்டு எழுத சொன்னா “சிப்பாய்ங்க சண்டை போட்டாங்க”ன்னு ஒரு வரி. படிக்கிறப்ப எல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருந்துச்சுப்பான்னு அவனே சொன்னான். அப்புறம் விட்டதை பச்சை இங்க்ல எழுதினான், 1806 ஜூலை 10, புது தலைப்பாகை, அதுல தோல் குஞ்சம், கோட்டை கமாண்டர் ஃபேன்கோர்ட் செத்தது, ஆற்காட்டுல இருந்து கில்லஸ்பி குதிரைப்படையோட வந்து அடக்குனது. அடுத்த வாரம் எழுத சொன்னப்ப பச்சைல இருந்ததுல முக்காவாசி வந்துச்சு, ஆற்காடு மட்டும் மறக்கவே இல்ல, நம்ம அத்தை வீட்டு ஊர்ல இருந்தாப்பா வந்தான் அந்தாளுன்னு கேக்குறான்.

இது எதோ டிப்ஸ் வீடியோ சமாச்சாரம்னு நெனச்சிடாதீங்க. மறந்து போறதை ஜெர்மனியில எபிங்ஹவுஸ்னு ஒருத்தர் 1885லயே தன்னையே வெச்சு அளந்து எழுதிட்டாரு. 2006ல அமெரிக்காவுல காலேஜ் பசங்களை வெச்சு ஒரு சோதனை, ஒரு குரூப் திரும்ப திரும்ப படிச்சுது, இன்னொரு குரூப் ஒரு தடவை படிச்சிட்டு ஞாபகத்துல இருந்து எழுதி பார்த்துது. அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வெச்சா திரும்ப படிச்ச குரூப்தான் மேல, ஆனா ஒரு வாரம் கழிச்சு வெச்சா எழுதி பார்த்த குரூப் நல்லா மேல போயிடுச்சு. நம்ம பசங்க எக்ஸாம் ஹால் வாசல்ல நின்னுகினு கடைசி அஞ்சு நிமிஷம் கைடை புரட்டுறது ஏன் வேலை செய்ற மாதிரியே இருக்குன்னு இப்ப எனக்கு புரியுது. பள்ளிக்கூடத்துல பன்னெண்டு வருஷம் படிக்க சொல்றாங்க, எப்படி படிக்கிறதுன்னு மட்டும் யாருமே ஒரு பீரியட் ஒதுக்கி சொல்லி குடுக்கல, எனக்கு குடுக்கல, ஊரீஸ் காலேஜ்ல பி.காம் முடிக்கிற வரைக்கும் நானும் சத்தம் போட்டு ஒப்பிச்சே ஓட்டினேன். இந்த ஒரு யூனிட்டுக்காகவே இந்த பாடம் தமிழ்நாடு முழுக்க எட்டாவதுல வரணும்னு சொல்லுவேன்.

ஆறாவது யூனிட் காசு. இதை வேலூர் மாவட்டத்துல நடத்துறதுக்கு தனி அர்த்தம் இருக்கு. 2022ல நம்ம காட்பாடியில, ஆரணியில என்ன நடந்துச்சுன்னு மறக்கல இல்ல? லட்சம் போட்டா மாசம் இவ்ளோ வட்டின்னு சொல்லி, டீச்சர், போலீஸ், கடைக்காரன் எல்லாரும் நகையை வெச்சு போட்டு, கடைசியில கம்பெனி கதவு சாத்தி, தெருவுக்கு ஒரு வீட்ல அழுகை. படிக்காதவங்க மட்டுமா ஏமாந்தாங்க, டிகிரி வெச்சிருக்கவங்கதான் ஜாஸ்தி. கிளாஸ் மிஸ் இந்த யூனிட்டை எடுத்தப்ப ஒர்க்புக்ல இருந்த அமெரிக்கா பாணி பாக்கெட் மணி உதாரணத்தை தூக்கி போட்டுட்டு, போர்டுல ஒரே ஒரு கணக்கு போட்டாங்களாம், மாசம் நூத்துக்கு எட்டு ரூபா வட்டின்னா வருஷத்துக்கு 96, பேங்க்ல எஃப்.டி போட்டா ஏழு பக்கம் வருது, மிச்சம் 89 எங்க இருந்து வருது, எந்த வியாபாரம் அவ்ளோ குடுக்கும், உங்க வீட்ல வியாபாரம் பண்றவங்க கிட்ட கேட்டுட்டு வாங்க. பையன் வந்து என்னை கேட்டான், “ஜெராக்ஸ் கடையில வருஷத்துக்கு போட்ட காசு டபுள் ஆகுமாப்பா?” மெஷின் டோனர் விலையை சொன்னேன், அவனே எழுதிகினு போனான். பாடம்னா இது. அடுத்த நாள் கிளாஸ்ல மளிகைக்கடை, லுங்கி வியாபாரம், தோல் ஷாப்ல வேலை பார்க்குற அப்பா, ஆட்டோன்னு எல்லா வீட்டு கணக்கும் வந்து சேர்ந்திருக்கு, ஒரு வீட்லயும் 96 வரல.

ஏழாவது யூனிட் உதவி கேட்குறது. சின்ன யூனிட்தான். மனசு சரியில்லைன்னா யார் கிட்ட பேசணும், குழந்தைங்களுக்கு 1098, மனநலத்துக்கு டெலி மானஸ் 14416ன்னு நம்பரோட போட்டிருக்காங்க, நம்பரை எழுதி வெச்சிட்டு விடாம “டீச்சர் கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னா முதல் வரி எப்படி ஆரம்பிப்பே”ன்னு எழுத சொல்லிருக்காங்க. வீட்டுப்பாடம் ஒண்ணு, போஸ்ட் ஆபீஸுக்கோ பேங்க்குக்கோ போய் ஒரு ஃபார்ம் வாங்கி நீயே ஃபில் பண்ணு, தெரியாததை கவுன்டர்ல கேளு. எங்க கடைக்கு வாங்க, இது ஏன் தேவைன்னு தெரியும். பிளஸ் டூல 500க்கு மேல மார்க் வாங்கின புள்ளைங்க ஸ்காலர்ஷிப் ஃபார்மை பிரிண்ட் எடுத்துட்டு நிக்கும், “ணா, பெர்மனென்ட் அட்ரஸ்னா இன்னா எழுதணும்?”, “ணா, அப்பா இனிஷியல் முன்னாடியா பின்னாடியா?” பேங்க் பாஸ்புக்ல ஒரு ஸ்பெல்லிங், ஆதார்ல ஒரு ஸ்பெல்லிங், அதை யார் கிட்ட போய் மாத்தணும்னு கேட்க கூச்சம், கடைசி தேதி அன்னிக்கு சாயங்காலம் அழுதுகினு வரும். ஆபீஸ்ல போய் கூச்சமில்லாம “சார், இது எனக்கு புரியல, சொல்லுங்க”ன்னு கேட்குறது ஒரு பழக்கம், அதை பதிமூணு வயசுல பழக்கி விட்டா அதுதாங்க சுய முன்னேற்றம், நான் ஜெயிப்பேன்னு ஸ்பீக்கர்ல கத்துறது இல்ல.

ஒர்க்புக் பின்னட்டையில உலக சுகாதார நிறுவனம் 1990கள்ல சொன்ன பத்து வாழ்க்கைத் திறன் லிஸ்ட் போட்டிருக்காங்க, தன்னை அறியறது, அடுத்தவன் நெலமையை உணர்றது, முடிவெடுக்குறது, கோவம் கவலையை சமாளிக்குறது இப்படி. பெரிய கண்டுபிடிப்பு மாதிரி. நம்ம வள்ளுவர் பொருட்பால்ல ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கண் அழியாமைன்னு நாலு அதிகாரம் வரிசையாவே வெச்சிருக்காரு, காலம் அறிதல் தனி, சொல்வன்மை தனி, நட்பாராய்தல் தனி, கோவத்துக்கு அறத்துப்பால்ல வெகுளாமை. 2016ல ஹைகோர்ட்டு மதுரை கிளை, அறத்துப்பால் பொருட்பால் ரெண்டுலயும் இருக்குற 108 அதிகாரத்தையும் ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் சொல்லி குடுங்கன்னு தீர்ப்பே குடுத்துச்சு. ஆனா நம்மாளு குறளை ரெண்டு மார்க் கேள்வியாத்தான் பார்க்குறான். நாங்க படிக்கிறப்பவும் நீதி போதனைன்னு ஒரு பீரியட் இருந்துச்சு, அது வந்தா மேக்ஸ் சார் வந்து நிப்பாரு, இல்ல கிரவுண்டுக்கு விட்டுடுவாங்க. பாடம் புதுசு கிடையாது, செஞ்சு பார்க்க வெக்கிறதுதான் புதுசு, அதுவும் பாதி யூனிட்லதான் இருக்கு.

இப்ப எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்த விஷயத்துக்கு வர்றேன். மூணாவது யூனிட் டைம் மேனேஜ்மெண்ட். உன் சாயங்காலத்தை மணிக்கணக்கா எழுதுன்னு ஒரு கட்டம். பையன் கிளாஸ்ல ஆர்.டி.இ சீட்டுல, அதாவது ஏழை வீட்டு புள்ளைங்களுக்கான இலவச சீட்டுல, படிச்சுகினு வர்ற ஒரு குழந்தை, வீட்ல அம்மா பீடி சுத்துறாங்க, ஆயிரம் பீடிக்கு இவ்ளோன்னு கூலி, குழந்தை ஸ்கூல் விட்டு வந்து இலை வெட்டி குடுத்து, கட்டு கட்டி குடுத்தாதான் அம்மாவால அன்னிக்கு கணக்கை முடிக்க முடியும். குழந்தை நேர்மையா “5 டு 7.30 பீடி”ன்னு எழுதிருக்கு. டிரெய்னர் அதை சிவப்புல சுழிச்சு “நேரத்தை வீணாக்காதே”ன்னு எழுதி, கிளாஸ் முன்னாடி “சாக்கு சொல்றவன் ஜெயிக்க மாட்டான்”னு ஒரு டயலாக்கும் விட்டிருக்காரு. குடியாத்தம் பேர்ணாம்பட்டு பக்கம் எத்தனை வீட்ல இந்த வேலைதான் சோறு போடுதுன்னு அந்தாளுக்கு யாராவது சொல்லுங்க. எல்லாம் உன் மனசுலதான் இருக்குன்னு சொல்ற பாடம் காசு இருக்குற வீட்டு புள்ளைக்கு உற்சாகம், இல்லாத வீட்டு புள்ளைக்கு அது அவமானம். ஏழரைக்கு மேல இருக்குற ஒரு மணி நேரத்துல எதை மொதல்ல படிச்சா பிரயோஜனம்னு அந்த குழந்தைக்கு சொல்லி குடுத்திருந்தா அது டைம் மேனேஜ்மெண்ட். கிளாஸ் மிஸ் அப்புறமா தனியா கூப்பிட்டு அதைத்தான் பண்ணாங்களாம், ஸ்கூல்லயே லஞ்ச்ல இருபது நிமிஷம் எழுதி பார்க்க ஏற்பாடு பண்ணி குடுத்திருக்காங்க. அதனாலதான் அவங்களுக்கு தனி மார்க்.

வெறும் பேச்சால மட்டும் பசங்க மாறிட மாட்டாங்கன்றது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்ல போல. 2019ல அமெரிக்காவுல சுமார் 12,000 ஒன்பதாவது பசங்களுக்கு, மூளை பயிற்சியால வளரும், மார்க்கு தலையெழுத்து இல்லன்னு ஒரு மணி நேரத்துக்கும் கம்மியா ஆன்லைன்ல பாடம் குடுத்து பார்த்தாங்க. மார்க் கம்மியா இருந்த பசங்களுக்கு கிரேடு பாயிண்ட் சராசரி 0.1 ஏறுச்சு, சின்னதுதான், ஆனா பெரிய செலவு இல்லாம. அதுலயும் கூட இருக்குற பசங்க கஷ்டமான கணக்கை விரும்பி எடுக்குற ஸ்கூல்லதான் நல்லா வேலை செஞ்சுதாம். அப்ப, ஒரு மணி நேர பேச்சு ஒரு வருஷ பேச்சா ஆனா பத்து மடங்கு ஆகும்னு நெனக்க வேணாம், சுத்தி இருக்குற சூழ்நிலைதான் அதை தாங்குது. இன்னொரு பக்கம், இங்கிலாந்துல 85 ஸ்கூல், எட்டாயிரத்துக்கு மேல பசங்க, கிளாஸ்லயே மனசை கவனிக்குற பயிற்சி குடுத்து பார்த்து 2022ல ரிசல்ட் வெளியிட்டாங்க, வழக்கமா நடக்குற கிளாஸை விட பெருசா ஒண்ணும் பலன் இல்ல. நம்ம ஸ்கூல்ல ஒவ்வொரு கிளாஸ் ஆரம்பத்துலயும் பத்து நிமிஷம் கண்ணை மூட வெக்கிறாங்க, பையன் தூங்கிட்டு வர்றான். வேலூர் வெயில்ல வேன்ல வந்த புள்ளைக்கு அதுவும் ஒரு லாபம்தான், ஆனா அதை சாதனைன்னு புரோஷர்ல போடாதீங்க.

மார்க் விஷயம். டெல்லியில 2018ல கவர்மெண்ட் ஸ்கூல்ல ஹேப்பினஸ் கிளாஸ்னு ஆரம்பிச்சாங்க, எட்டாவது வரைக்கும், தெனமும் ஒரு பீரியட், பரீட்சையே கிடையாது. நம்ம ஸ்கூல் என்ன பண்ணுது? ரிப்போர்ட் கார்டுல “தன்னம்பிக்கை: பி, தலைமைப் பண்பு: சி”ன்னு கிரேடு போடுது! கூச்ச சுபாவம் உள்ள ஒரு பொண்ணுக்கு தன்னம்பிக்கையில சி வந்து, அந்த பொண்ணு அடுத்த வாரம் இன்னும் வாயை தொறக்கல. கணக்குல சி வந்தா டியூஷன் வைக்கலாம், தன்னம்பிக்கையில சி வந்தா எங்க போறது? நாலாவது யூனிட்டுக்கு டெஸ்ட் வைங்க, காசு யூனிட்டுக்கு வைங்க, அதெல்லாம் தெரிஞ்சா தெரியும் இல்லைன்னா இல்ல. குணத்துக்கு கிரேடு போடாதீங்க. ஓப்பன் ஹவுஸ்ல இதை கேட்டேன், பிரின்சிபால் மேடம் குறிச்சுகினாங்க, பார்ப்போம்.

கவர்மெண்ட் ஸ்கூல்ல இன்னா நடக்குதுன்னு கேட்பீங்க. என் தங்கச்சி பொண்ணு கே.வி.குப்பம் பக்கம் கவர்மெண்ட் ஹை ஸ்கூல்ல படிக்குது. அங்க இப்படி ஒரு பாடமும் இல்ல, பில்லும் இல்ல. மேல் வகுப்புக்கு போனா நான் முதல்வன்ல என்ன படிக்கலாம்னு வழி சொல்றாங்க, 2022ல ஆரம்பிச்சது, அது நல்ல திட்டம், ஆனா அது மேல்படிப்பு வேலை சம்பந்தமானது, இது வேற. அங்க ஒரு தமிழ் டீச்சர் தன் பீரியட்ல ஒரு பத்து நிமிஷத்தை எடுத்து, வாரம் ஒரு குறள் அதிகாரம், அதுக்கு ஒரு வேலை குடுக்குறாங்க. காலம் அறிதல் வாரத்துல, வீட்ல யாராவது ஒருத்தர் ஒரு வேலையை ஏன் அந்த நேரத்துல செய்றாங்கன்னு கேட்டு எழுதிகினு வரணும். நிலக்கடலை போட்ட தாத்தா எதுக்கு மழைக்கு காத்திருந்தாருன்னு மருமக புள்ள ஒரு பக்கம் எழுதிருக்கு, என் பையன் ஒர்க்புக்ல இருக்குற கலர் பக்கம் எல்லாத்தையும் விட அந்த ரூல்டு நோட்டு பக்கம் எனக்கு புடிச்சிருந்துச்சு. செலவு பூஜ்யம். ஆனா அந்த டீச்சர் டிரான்ஸ்பர் ஆனா அதோட போச்சு, அதான் இதுல இருக்குற பிரச்சினை, பாடத்திட்டத்துல எழுதி வெச்சாதான் ஆள் மாறினாலும் நிக்கும்.

அதனால கட்டலாமான்னு கேட்டா, உங்க ஸ்கூல்ல யார் எடுக்குறாங்கன்னு மொதல்ல கேளுங்க, டிரெய்னரா டீச்சரா. ஒர்க்புக்கை கையில வாங்கி பாருங்க, கழுகு இருந்தா உஷாரு. பையன் வீட்டுக்கு வந்து “இன்னிக்கு இன்னா செஞ்சீங்க”ன்னு கேட்டா செஞ்சதை சொல்றானா, இல்ல டிரெய்னர் சொன்ன கதையை சொல்றானா பாருங்க. எங்க ஸ்கூலுக்கு என்ன சொல்லுவேன்னா, டிரெய்னரை நிறுத்திட்டு அந்த காசுல பாதியை எடுக்குற மிஸ்ஸுங்களுக்கு குடுங்க, பத்தாவதுக்கும் நாலாவது யூனிட்டை கட்டாயம் வைங்க, பப்ளிக் எழுதுற புள்ளைக்குதான் எப்படி படிக்கிறதுன்னு தெரியணும், அந்த ரெண்டு பீரியடை புடுங்கி மேக்ஸ் சாருக்கு குடுத்தா அவரும் இன்னொரு தடவை அதே கணக்கைத்தான் போடப்போறாரு.

ரெண்டாவது டெர்முக்கு 900 இந்த மாச கடைசிக்குள்ள கட்டணும், நான் கட்டுறேன். விரல் ரேகை டெஸ்ட் ஃபார்ம் தனியா பையில வெச்சு அனுப்பியிருக்காங்க, அதுல கையெழுத்து போடலைன்னா ஒண்ணும் ஆகாது, ஆபீஸ்ல கேட்டுட்டேன், கட்டாயம் இல்லைன்னு சொல்லிட்டாங்க. 9-பி பேரண்ட்ஸ் யாருக்காவது அந்த நாலாவது யூனிட் மட்டும் வேணும்னா அதுல இருக்குறது இவ்ளோதான், மேலயே முழுசா எழுதிட்டேன், ஒர்க்புக் வாங்காமலே இன்னிக்கு நைட்டு ஒரு வெள்ளை பேப்பரோட ஆரம்பிக்கலாம்.